புதுப்பிப்பு: டர்போ பொருத்திய என் ஹயபூசா பைக், பெட்ரோல் பற்றாக்குறை தீர்ந்தது

போன மாதம் எழுதியது இதுதான்: 8 பி.எஸ்.ஐ பூஸ்டில் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) 7,000 ஆர்.பி.எம் தாண்டியதும் காற்று–பெட்ரோல் விகிதம் 11.8இலிருந்து 13.4க்கு ஏறியது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை. இன்ஜின் கெட்டுவிடும் என்று பயந்து த்ராட்டிலை விட்டுவிட்டேன். பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) போடச் சொன்னார்கள் பலர். பிரச்சினை அங்கே இல்லை.

டேங்குக்குள் இருந்து பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு பூஸ்ட் ஏறுவது தெரியாது. அது கொடுப்பது எப்போதும் 43 பி.எஸ்.ஐ. எதிரே 8 தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 35தான். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் குறையும். இப்போது வெளியே தனி ரெகுலேட்டர், டேங்குக்கு ரிட்டர்ன் லைன், பிளீனத்திலிருந்து (பூஸ்ட் காற்று சேரும் பெட்டி) அதற்கு ஒரு சின்ன ஹோஸ். பூஸ்ட் வர வர கேஜ் முள் 43இலிருந்து 51க்கு நகர்வதைப் பார்த்தபோது அவ்வளவு நிம்மதி!

அப்புறம் பெட்ரோல் பம்ப் வயரிங். வோல்ட் குறைந்தால் பம்ப் தள்ளும் பெட்ரோலும் குறையும். பம்ப் முனையில் அளந்தால் 11.7 வோல்ட்தான் வந்தது. பேட்டரியிலிருந்து ரிலே வைத்து, ஃபியூஸ் போட்டு, தடித்த வயர் இழுத்ததும் 13.5. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இப்போது ரெட்லைன் (இன்ஜினின் உச்ச ஆர்.பி.எம்) வரை காற்று–பெட்ரோல் விகிதம் 11.7. பூஸ்டை 10க்கு ஏற்றுவதற்கு முன் இன்ஜெக்டர் டியூட்டியை (ஒவ்வொரு சுற்றிலும் அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) பார்க்கிறேன். 85 சதவீதம் தாண்டினால் அப்போது பெரிய இன்ஜெக்டர்.