ப்ராசஸர் பின்களுக்குள் தெர்மல் பேஸ்ட் போய்விட்டது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி:

வணக்கம். என்னுடையது ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு. வாங்கி நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச நாளாக வீடியோ ரெண்டர் போட்டால் சூடு 95 டிகிரிக்குப் போய் வேகம் குறைந்துவிடுகிறது. ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று இன்று காலை கூலரைக் கழற்ற உட்கார்ந்தேன். நாலு ஸ்க்ரூவையும் எடுத்த பிறகும் அது அசையவில்லை. பலமாக மேலே இழுத்தேன். பட்டென்று வந்தது, அடியில் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ப்ராசஸரைச் சாக்கெட்டில் பிடித்துவைக்கும் லீவர் பூட்டியபடியே இருக்கிறது!

பிரித்தெடுத்துப் பழைய பேஸ்ட்டைத் துடைக்கும்போது கை நழுவி, பேஸ்ட் படிந்த டிஷ்யூ மேலேயே பின்கள் கீழாக விழுந்தது. ஒரு மூலையில் முப்பது நாற்பது பின்களுக்கு நடுவே சாம்பல் நிறமாக அப்பிக்கிடக்கிறது. இரண்டு பின் லேசாகச் சாய்ந்திருக்கிறது. டிஷ்யூவால் எடுக்கப் பார்த்தேன், நார் சிக்கியதும் விட்டுவிட்டேன். இன்னும் போர்டில் வைக்கவில்லை.

வீட்டில் சானிடைசரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் இருக்கின்றன, போடலாமா? அக்காவின் ஆய்வேடு முழுக்க இந்தக் கணினியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், ஆய்வேடு கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கிறது. ப்ராசஸருக்கு என்ன ஆனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக் கோப்பை எடுத்துவிடலாம்.

அழுக்கோடு போர்டில் வைக்காமல் நிறுத்தினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. பின்னில் இருப்பதைக் கழுவிவிடலாம், சாக்கெட் ஓட்டைக்குள் போனால்தான் பாடு.

சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுக்கு விட்டுப்போகும். ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ என்று கேளுங்கள், ஐசோபிரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். ஒரு சின்ன பாட்டில் போதும். கூடவே குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்று, புதியது.

கணினியின் இரும்புக் கூட்டை ஒருமுறை தொட்டுவிட்டு ப்ராசஸரை ஓரமாகப் பிடியுங்கள். பின்கள் கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், கரைந்த பேஸ்ட் வழிந்து வெளியேறும். பிரஷ்ஷை ஐபிஏயில் நனைத்து, பின் வரிசை போகும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே தேய்த்தால் இன்னும் நாலு பின் சாயும். அழுத்தவே வேண்டாம். பத்துப் பதினைந்து முறை ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். அரை மணி நேரம் காயட்டும்.

சாய்ந்த பின்னுக்கு, லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அதில் மாட்டி மிக மெதுவாக நிமிர்த்துங்கள். ஒரே தடவையில் நேராக்கப் பார்க்காதீர்கள், முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும்.

இன்னொருவர்:

சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாதே, அப்படியே போட்டால் என்ன? என் நண்பர் ஒருவர் அப்படித்தான் போட்டார், ஓடுகிறது.

முதலில் பதில் சொன்னவர்:

கடத்தாது என்பதால் ஷார்ட் ஆகாது, சரி. ஆனால் அதே காரணத்தால்தான் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் தொடர்பு விட்டுப்போகும். 1331 பின்னில் எதற்கு என்ன வேலை என்று பார்த்துப் பேஸ்ட் ஒட்டுவதில்லை. தரைப் பின்னாக (கிரவுண்ட்) இருந்தால் தெரியாமலே ஓடும், உங்கள் நண்பருக்கு அப்படி அமைந்திருக்கலாம். ராமுக்குப் போகும் பின் என்றால் ஒரு ஸ்லாட்டே காணாமல் போகும். பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் போடும் லிக்விட் மெட்டல் என்றால் கதையே வேறு, அது மின்சாரம் கடத்தும்.

தம்பி, இது ஏன் நடந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் போர்டில் இருக்கும் ஏஎம்4 வகை சாக்கெட்டில் ப்ராசஸரை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் சட்டம் கிடையாது. லீவர் பின்களைப் பக்கவாட்டில் இறுக்குகிறது, அவ்வளவுதான். காய்ந்த பேஸ்ட்டின் பிடி அதைவிடப் பலம். அடுத்த முறை பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமும் திருகுங்கள். வழுக்கத் தொடங்கிய பிறகு தூக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:

அண்ணா, ஓடுகிறது! சொன்னபடியே கழுவினேன். சாய்ந்த இரண்டில் ஒன்றை நிமிர்த்தத்தான் அரை மணி நேரம் பிடித்தது. லீவரைத் தூக்கி, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் பொருத்தி வைத்ததும் அதன் கனத்திலேயே உள்ளே இறங்கிவிட்டது.

முதலில் 16 ஜிபிக்கு 8தான் காட்டியது. நீங்கள் ராம் ஸ்லாட் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த முறை சூடாக்கித் திருகிக் கழற்றினேன், ப்ராசஸர் சாக்கெட்டிலேயே நின்றது. அப்புறம் லீவரைத் திறந்து வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள்வரிசையில் டிஷ்யூ நார் ஒன்று பேஸ்ட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி கழுவி வைத்தேன். இப்போது 16 காட்டுகிறது, ரெண்டரில் சூடு 78 டிகிரியைத் தாண்டவில்லை.

ரொம்ப நன்றி அண்ணா. அக்கா மூன்றாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.