இரவுக் காவலில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறியிருக்கின்றன: தூக்கக் குறைவு காரணமாக இருக்குமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் வட்டம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 58. நீடாமங்கலத்துக்கு அருகில் சம்பா சாகுபடி செய்கிறோம். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் எங்கள் வாய்க்காலுக்குப் பெரும்பாலும் இரவில்தான் தண்ணீர் ஏறும் என்பதால், மடை திருப்புவதற்காக மண்வெட்டியும் டார்ச் விளக்குமாகப் போய்விடுவார். தை பிறந்து அறுவடை முடிந்தாலும் அவருக்கு இரவு உறக்கம் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை பகலெல்லாம் காலால் கிளறிக் காயவைப்பதும், பனி இறங்குவதற்குள் படுதா போட்டு மூடுவதும், எடை போடும் முறை வரும்வரை இரவு முழுவதும் அம்பாரத்தின் அருகிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காவல் இருப்பதும் அவர் பொறுப்புதான். மாடு வந்து வாய் வைக்கும், திடீரென்று தூறல் விழும், கொசு வேறு. ஆக விட்டு விட்டு நான்கு மணி நேரம் கண்ணயர்ந்தாலே அதிகம். மதியம் ஒரு மணி நேரம் படுப்பார். கேட்டால், "எனக்குப் பழகிவிட்டது" என்பார்.

கார்த்திகையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 112 இருந்தது. மாசிக் கடைசியில் எடுத்தபோது 138. இரத்த அழுத்தம் 150/96. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். தூக்கத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: இந்த மூன்று மாதங்களில் அப்பாவின் சாப்பாடு மாறவில்லை, உடல் உழைப்போ கூடித்தான் இருக்கிறது. உழைப்பு கூடினால் சர்க்கரை இறங்கத்தானே வேண்டும்? தூக்கம் குறைந்ததனால் மட்டும் இப்படி ஏற முடியுமா? மதியத் தூக்கம் அதை ஈடுகட்டாதா? காவலை விட முடியாத குடும்பத்தில் என்ன ஏற்பாடு செய்துகொள்ளலாம்?

ஓய்வுபெற்ற செவிலியர் (தஞ்சாவூர்) எழுதுகிறார்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை, "தூங்கினால் சரியாகிவிடும்" என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். கார்த்திகையிலேயே 112 என்பது நீரிழிவின் வாசலில் நிற்பதைக் காட்டும் அளவுதான். 100 முதல் 125 வரை முன்நிலை, 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்பது கணக்கு. மறுமுறை எடுத்து உறுதிசெய்துகொள்வார்கள். வயதும் குடும்ப வாகும் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் வாசலில் நின்றவரை உள்ளே தள்ளிவிடும் வலிமை தூக்கக் குறைவுக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. நோய் எதுவும் இல்லாத 11 இளைஞர்களைத் தொடர்ந்து ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவைத்தார்கள். பின்னர் நரம்பு வழியாகச் சர்க்கரையைச் செலுத்திப் பார்த்தபோது, நன்றாகத் தூங்கி எழுந்த நாட்களைவிடச் சுமார் 40 சதவீதம் மெதுவாகத்தான் அவர்களின் உடல் அதை இரத்தத்திலிருந்து அகற்றியது. மாலையில் இறங்கிவிட வேண்டிய கார்டிசால் என்னும் சுரப்பும் அவர்களுக்கு இறங்காமல் உயர்ந்தே இருந்தது. விழித்திருக்கும் உடல் தன்னை ஏதோ ஆபத்தில் இருப்பதாகவே கருதிக்கொள்கிறது. அதனால் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, தசையோ இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. உழைப்பு கூடியும் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

மற்றொரு பகுதி தேநீர்க் குவளையில் இருக்கலாம். தூக்கம் குறைந்தால், போதும் என்று சொல்லும் லெப்டின் என்னும் சுரப்பு குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு கூடுகிறது. அதுவும் இனிப்பும் மாவுப் பண்டமுமாகத்தான் நாக்கு தேடும். இரவில் கொள்முதல் நிலையத்துக்குச் சைக்கிளில் வரும் தேநீர்க்காரரிடம் எத்தனை தேநீர் குடிக்கிறார், அதில் எவ்வளவு சர்க்கரை, கூடவே வடையோ பன்னோ உண்டா என்று விசாரியுங்கள். வீட்டில் சாப்பாடு மாறவில்லை என்கிறீர்கள். வெளியே உண்பது உங்கள் கணக்கில் வந்திருக்காது.

இரத்த அழுத்தத்துக்கு வருகிறேன். நல்ல உறக்கத்தில் அழுத்தம் பகல் அளவைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அன்றாடம் கிடைக்கும் ஓய்வு அதுதான். விட்டு விட்டுத் தூங்குகிறவருக்கு அந்த இறக்கம் சரியாகக் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் அப்படியே போனால் பகல் அழுத்தமும் ஏறி நின்றுவிடும். அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதய நலத்துக்கான அடிப்படைகளைத் திருத்தியபோது, உணவு, உடற்பயிற்சி, புகைபிடிக்காமை ஆகியவற்றோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. எனவே மருத்துவர் கேட்காவிட்டாலும் அடுத்த முறை நீங்களே சொல்லுங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் தூக்கத்தைக் கேட்க நேரம் இருக்காது என்பது அங்கேயே காலம் கழித்த எனக்குத் தெரியும். நோயாளி தானாகச் சொன்னால் யாரும் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு கேள்வி: அப்பா குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடியும் தொடங்குகிறதா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

குடவாசல்காரர் எழுதுகிறார்:

செவிலியர் அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் எங்கள் தாத்தா காலத்தில் கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து ஏர் பூட்டிப் போனவர்கள்தாம் எல்லாரும். போரடிக்கும் நாட்களில் களத்திலேயே விடிய விடியக் கிடந்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரையும் வரவில்லை, அழுத்தமும் வரவில்லை. உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும் என்பதே என் எண்ணம். இன்றைய அரிசியையும் உரத்தையும் விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

கோட்டூர் விவசாயி எழுதுகிறார்:

குடவாசல் அண்ணன் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். கோழி கூவுவதற்கு முன்பு எழுந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள்? எங்கள் வீட்டில் அந்தி விளக்கு ஏற்றிச் சிறிது நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும். எட்டு மணிக்குத் திண்ணையில் பாய் விரிந்துவிடும். நான்கு மணிக்கு எழுந்தாலும் எட்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியுமாகப் பதினொன்று ஆகிவிடுகிறது. வயலோ பழைய நேரத்திலேயே கூப்பிடுகிறது. அவர்களுக்குச் சர்க்கரை வரவில்லை என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்காலத்தில் எங்கள் ஊரில் யார் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?

பழகிவிடும் என்பதுதான் இதில் ஆபத்தான பேச்சு. 2003-இல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், இரண்டு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமே படுக்கவைத்தவர்களின் கவனமும் வேகமும் ஓரிரு இரவுகள் அடியோடு தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. அவர்களோ, தங்களுக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருப்பதாகத்தான் சொன்னார்கள். குறைவது தொடர்ந்து குறைந்துகொண்டேதான் போகிறது. குறைகிறது என்ற உணர்வுதான் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இனி ஏற்பாடு. எங்கள் பக்கம் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து காவலைப் பங்கிட்டுக்கொள்கிறோம். இரவைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று மாற்றுவது எல்லாரையும் கெடுக்கும். ஒரு நாள் ஒருவர் முழு இரவும் விழிக்கட்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஒரே நீட்டில் தூங்கட்டும். விழித்தவர் காலையில் நேரே வீட்டுக்கு வந்து, தகரக் கொட்டகையைத் தவிர்த்து, ஜன்னலில் கெட்டித் துணி தொங்கவிட்ட அறையில் படுக்க வேண்டும். கடைசித் தேநீரை நள்ளிரவோடு முடித்துக்கொள்வது நல்லது. தேநீரில் உள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மதியத் தூக்கம் வீணில்லை, களைப்பை நன்றாகவே குறைக்கும். ஆனால் உடம்பின் கடிகாரம் ஆழ்ந்த நெடுந்தூக்கத்துக்கு ஒதுக்கியிருப்பது இரவைத்தான். ஒரு மணி நேர மதியத் தூக்கத்தை வைத்து மூன்று மணி நேர இராக் கடனை அடைக்க முடியாது.

காவல் முடித்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்திருக்கும் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 0.03 சதவீதம் வரைதான். விடியற்காலையில் மன்னார்குடிச் சாலையில் நெல் லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெண்ணாற்றங்கரை:

மிக்க நன்றி. விசாரித்துவிட்டேன். ஓர் இரவுக்கு ஐந்தாறு தேநீர், எல்லாமே சர்க்கரை போட்டவை. சில நாட்களில் மசால் வடையும் உண்டு. குறட்டையைப் பற்றி அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் கவலையாக இருக்கிறது. பல ஆண்டுகளாகவே பலத்த குறட்டையாம். நடுவில் சத்தம் அடியோடு நின்றுவிடுமாம், அம்மா பயந்து தோளைத் தட்டினால் திடுக்கிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிவிடுவாராம். வீட்டிலேயே முழு இரவு படுத்தாலும் காலையில் தலைவலியோடுதான் எழுகிறார். சாதாரணமான குறட்டைதானே என்று நாங்கள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. அறுவடைக் காலத்தில் அடுத்தடுத்துச் சளி பிடிக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர் (தஞ்சாவூர்):

சளிக்குத் தொடர்பு உண்டு. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுமருந்தாக விட்டுக் கவனித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இரவெல்லாம் பனியில் கிடப்பதுதான் காரணம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பனியின் மீது பழியைப் போடுமுன் தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

குறட்டையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இந்தத் திரியிலேயே முக்கியமான செய்தி. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுவதைத் தூக்க மூச்சுத்திணறல் என்பார்கள். ஒவ்வொரு முறை அடைபடும்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை உடலை உலுக்கி எழுப்பும். அந்த நேரத்தில் அழுத்தம் மேலே பாயும். தூங்கியவருக்கு எதுவும் நினைவிருக்காது. அப்பாவுக்கு இது இருக்குமானால், காவலை முழுவதுமாக விட்டுவிட்டு எட்டு மணி நேரம் படுத்தாலும் அவருக்கு உறக்கத்தின் பலன் கிடைக்காது. மாத்திரை போட்டும் அழுத்தம் கட்டுப்படாமல் இருப்பதற்கு இது அடிக்கடி காணும் காரணங்களில் ஒன்று. காலைத் தலைவலியும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது.

நுரையீரல் மருத்துவரிடமோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். உடலில் சில கருவிகளை மாட்டி ஓர் இரவு தூங்கவைத்து மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்வார்கள். பலருக்கு இதை வீட்டிலேயே செய்ய முடியும். நோய் உறுதியானால், காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்திப் பாதையைத் திறந்து வைக்கும் முகமூடிக் கருவி நல்ல பலன் தரும். அதுவரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அசதிக்காக இரவில் மது அருந்தும் பழக்கம் இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். தூக்கம் வரவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. இவ்விரண்டுமே தொண்டையை இன்னும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டிவிடும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள், அதாவது சித்திரையிலும் வைகாசியிலும், வயலில் வேலை குறைந்திருக்கும்போதே இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். குறுவை நாற்று விட்ட பிறகு கூப்பிட்டால் அவர் வரமாட்டார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனையை இப்போது ஒரு முறையும், வைகாசிக் கடைசியில் ஒரு முறையும் எடுங்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் வீட்டில் ஏழு மணி நேரமாவது தூங்கி, இனிப்புத் தேநீரையும் விட்டிருந்தால், இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை அப்படியே தொடர்வதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார்.