பிறந்தநாள் விருந்தில் தயிர்சாதம் சாப்பிட்டால் என்ன குற்றம்?

மந்தைவெளி மணி:
சென்னையில் பிறந்தநாள் விருந்துக்கு எந்த ஓட்டல் போகலாம் என்று வேளச்சேரி அக்கா நேற்று கேட்டிருந்தார். மாமியாருக்கு 65 முடிகிறது, மொத்தம் 11 பேர், அதில் நான்கு பேர் சைவம், சனிக்கிழமை இரவு. அதற்கு ஒரு தம்பி சொன்ன பதில்: "ஈசிஆர் பக்கம் மொட்டைமாடி உணவகம் போங்கள். கடைசியில் தயிர்சாதம் தேடுகிற ஆட்களைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு வீட்டிலேயே போட்டுவிட்டு வாருங்கள்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. 65 வயது முட்டியோடு மொட்டைமாடி ஏறுவது யார்? சரி, அதை விடுகிறேன். தயிர்சாதம் இவரை என்ன செய்தது?

பெரம்பூர் பையன்:
எழுதியது நான்தான், ஓடி ஒளியவில்லை. போன வருடம் பெரியப்பாவின் பிறந்தநாளுக்கு தலைக்கு 1,800 ரூபாய் பஃபே. இறால், மட்டன், நண்டு சூப், எல்லாவற்றையும் ஒரு சுற்று வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு கரண்டி தயிர்சாதமும் இரண்டு மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "திருப்தியா இருக்குப்பா" என்று வேறு சொன்னார். வயிறு எரிந்தது எனக்கு.

மந்தைவெளி மணி:
பிறந்தநாள் அவருக்கு, திருப்தியும் அவருக்கு, வயிற்றெரிச்சல் மட்டும் உங்களுக்கு. அப்படியானால் விருந்து யாருக்குத் தம்பி?

தி.நகர் ரகு:
வீண் சண்டை. நல்ல தென்னிந்தியச் சாப்பாடு வேண்டும் என்றால் அடையாறு பார்க் ஓட்டலில் தட்சிண் இருக்கிறதே. மேசைக்குச் சொல்லி வைத்தால் முடிந்தது.

வக்கீல் அல்லாதவன்:
ரகு சார், அந்த ஓட்டலை 2023 டிசம்பரிலேயே மூடிவிட்டார்கள். யாரிடம் சொல்லி வைப்பது, வாட்ச்மேனிடமா?

தி.நகர் ரகு:
நான் போனபோது திறந்திருந்தது.

வக்கீல் அல்லாதவன்:
உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்கூட நான் போனபோது திறந்திருந்தது. 2008இல் மூடி, இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. செடிக்கு நடுவே கேக் வெட்டலாமா?

வேளச்சேரி அக்கா:
எனக்கு ஓட்டல் பெயர் வேண்டும். கூடவே கேக்கை நாமே கொண்டு போனால் ஒத்துக்கொள்வார்களா என்றும் யாராவது சொல்லுங்கள்.

மந்தைவெளி மணி:
சொல்கிறேன் அக்கா. அதற்கு முன்னால் தம்பிக்கு ஒரு வார்த்தை. கல்யாணப் பந்தியில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம் எல்லாம் ஆன பிறகு என்ன வரும்? மோர் ஊற்றாமல் எந்தப் பந்தியாவது எழுந்திருக்கிறதா? ஓட்டல்காரன் தயிர்சாதத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மாதுளை முத்து தூவி வைக்கிறானே, அது யாருக்காக? உங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களுக்காக. அவர் சரியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

பெரம்பூர் பையன்:
பந்தியில் முடிவில் சாப்பிடுகிறார்கள். பெரியப்பா ஆரம்பமே அதுதான். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியாது. ஜிகர்தண்டா விவாதத்திலும் இப்படித்தான் பால் எப்படிச் சுண்டுகிறது என்று தெரியாமல் மூன்று நாள் பேசினீர்கள்.

மந்தைவெளி மணி:
அந்த விவாதத்தில் ஜெயித்தது நான்.

நங்கநல்லூர் மாமி:
தயிர்சாதத்தை விடுங்கள். விளக்கேற்ற வேண்டிய நாளில் மெழுகுவத்தியை ஊதி அணைக்கிறார்களே, அதை யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் ஒருமுறை நாலு பையன்கள் டிரம் தட்டிக்கொண்டு வந்து பாட்டுப் பாடி, இவர் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

தி.நகர் ரகு:
செலவைப் பற்றி ஒன்று. பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடுவார்கள், கட்டித்தான் ஆக வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள்.

வக்கீல் அல்லாதவன்:
கட்ட வேண்டியதில்லை. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன். விருப்பப்பட்டால் பரிமாறிய பையன் கையில் நீங்களே கொடுங்கள். உண்மையில் பார்க்க வேண்டியது ஜிஎஸ்டி. தனி உணவகம் என்றால் 5 சதவீதம். நாள் வாடகை 7,500க்கு மேல் அறை விடுகிற பெரிய ஓட்டலுக்குள் இருந்தால் 18. தம்பி சொன்ன 1,800 கணக்கில் 11 பேருக்கு 19,800. வரி மட்டும் இங்கே 990, அங்கே 3,564.

தி.நகர் ரகு:
குழந்தைகளுக்குப் பாதி விலை. உங்கள் கணக்கு தப்பு.

வக்கீல் அல்லாதவன்:
அக்கா குழந்தைகள் என்றே சொல்லவில்லையே சார்.

மந்தைவெளி மணி:
அப்படியே 3,564 வரி கட்டினாலும் அந்தப் பெரியப்பா தயிர்சாதம்தான் சாப்பிடுவார். அது அவர் உரிமை.

ராயப்பேட்டை பாய்:
அண்ணா சாலை புகாரிக்குப் போங்கள். 1951லிருந்து இருக்கிறது. சிக்கன் 65 பிறந்த இடம். 1965இல் பட்டியலில் சேர்ந்தது, அதனால் 65.

பெரம்பூர் பையன்:
மெனுவில் 65ஆவது அயிட்டம் என்றல்லவா கேள்விப்பட்டேன்?

ராயப்பேட்டை பாய்:
கேள்விப்பட்டதை எல்லாம் எழுதாதீர்கள் தம்பி. அடுத்து 65 நாள் கோழி என்பீர்கள்.

வேளச்சேரி அக்கா:
அத்தையிடமே கேட்டுவிட்டேன். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே, இட்லி முங்க முங்கச் சாம்பார், அது போதும் என்கிறார். என் கணவர் "11 பேரைக் கூட்டிக்கொண்டு இட்லிக்கா?" என்று முறைக்கிறார். கேக் விஷயம் இன்னும் தெரியவில்லை.

பெரம்பூர் பையன்:
பார்த்தீர்களா? 65 வயது அத்தைகூடத் தயிர்சாதம் கேட்கவில்லை.

மந்தைவெளி மணி:
கேட்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமா? இட்லிக்குப் பிறகு என்ன சாப்பிடுவார் என்று அக்காவைக் கேளுங்கள். இதற்கு மேல் நான் இங்கே எழுதப்போவதில்லை.

நங்கநல்லூர் மாமி:
ரத்னா கஃபேயில் மெழுகுவத்தி ஊத மாட்டார்கள். அந்த வகையில் நல்லது.

தி.நகர் ரகு:
தட்சிண் மூடியது உறுதிதானா?

மந்தைவெளி மணி:
ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தப் பெரியப்பா இரண்டாவது முறை எழுந்து போய் என்ன எடுத்தார் என்பதைத் தம்பி இன்னும் சொல்லவில்லை.

பெரம்பூர் பையன்:
தயிர்சாதம்தான். போதுமா?