வெயிலில் நடை கூடியதிலிருந்து இடுப்பு வலி: லாட்டரி விற்கிறேன், நடக்காமல் இருக்க வழியில்லை

புளியரைக்காரன்:

வணக்கம். வயது 54. ஊர் செங்கோட்டையை அடுத்த புளியரை, பிழைப்பு கேரளாவில் இருக்கும் புனலூரில். லாட்டரி டிக்கெட் விற்கிறேன். நம் மாநிலத்தில் 2003-இல் லாட்டரியை நிறுத்தியபோது செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் விற்றுக்கொண்டிருந்தவன், அப்படியே மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இத்தனை வருஷமும் உட்கார்ந்த வியாபாரம். ஒரு மேஜை, ஒரு குடை, ஒரு ஸ்டூல். மாசி மாதம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மேஜையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து நடைதான். காலையில் ரயிலை விட்டு இறங்கினால் மார்க்கெட், தொங்குபாலம், ஆஸ்பத்திரி வாசல், அப்புறம் மேட்டு ரோடு என்று மத்தியானம் வரை கால் நிற்காது. புனலூரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஒரே ஏற்றமும் இறக்கமும். பங்குனி பிறந்தால் கேரளாவிலேயே வெயில் அதிகம் என்று டிவியில் சொல்லும் ஊர்களில் அதுவும் ஒன்று. 38 டிகிரி சர்வசாதாரணம்.

வலி பெல்ட் கட்டுகிற இடத்தில். இடது பக்கம் கூடுதல். பின்பக்கத்துச் சதை வரை இறங்கும், முழங்காலுக்குக் கீழே போகாது. காலையில் ஒன்றும் இருக்காது, வெயில் ஏற ஏறத்தான் ஆரம்பிக்கும். மேடு ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது, இறங்கும்போது பிடுங்கி எடுக்கிறது. ஏதாவது கடைப் படியில் உட்கார்ந்தால் கொஞ்சம் விடும்.

மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை போட்டால் அன்றைக்குப் பொழுது ஓடிவிடுகிறது, ஆனால் வயிறு எரிகிறது. வீட்டில் "பேசாமல் பத்து நாள் படுங்கள்" என்கிறாள். படுத்தால் ஏஜென்சியில் எடுத்த டிக்கெட்டை யார் விற்பது? விற்காமல் தங்கினால் அந்தக் காசு என் தலையில்தான். குலுக்கல் முடிந்த டிக்கெட்டுக்கும் பஜ்ஜி மடிக்கிற காகிதத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

கேள்வி இதுதான். நடப்பதே ஆகாதா, அல்லது நடக்கிற விதத்தில் ஏதாவது மாற்றினால் சரியாகுமா? பெல்ட் போடலாமா? தைலம் எது நல்லது?


களியக்காவிளை தபால்காரன்:

தம்பி, நான் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருஷம்தான் ஸ்கூட்டர், அதற்கு முன்னால் சைக்கிளும் காலும்தான். நம்ம ஊரும் குண்டும் குழியும் ஏற்ற இறக்கமும்தான், அதனால் சொல்கிறேன்.

முதலில் பையைப் பார். எந்தத் தோளில் தொங்குகிறது? வலி இடது பக்கம் என்கிறாய், பையும் இடது தோளில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரு பக்கம் பாரம் இழுத்தால் உடம்பு மறுபக்கம் சாயும். அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிப்பது இடுப்புச் சதை. நாள் பூராவும் பிடித்துக்கொண்டே இருந்தால் அது என்ன செய்யும், பாவம். வாரைக் குறுக்கே மாட்டு, ஒரு தெரு முடிந்தால் பக்கம் மாற்று. சோற்றுப் பாத்திரம், பழைய ரிசல்ட் தாள், மழையே இல்லாத மாதத்தில் மழைக்கோட்டு, இதையெல்லாம் தெரிந்த கடையில் வைத்துவிட்டுப் போ. நான் தபாலைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு கட்டை டீக்கடையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

இரண்டாவது செருப்பு. கழற்றித் தரையில் வைத்து, பின்னால் குந்தி உட்கார்ந்து பார். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால் அதை மாட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்கக் கூடாது. சாதா ரப்பர் செருப்பு வெயில் ரோட்டில் இளகிப் பட்டையாகிவிடும். அதோடு, அது கழன்றுவிடாமல் இருக்க விரலால் கவ்விக்கொண்டே நடப்போம், அதனால் கெண்டைக்கால் இறுகும், அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பு. பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கு. காசைப் பார்க்காதே.


குத்துக்கல்வலசை:

இதற்கெல்லாம் எதற்கு அண்ணாச்சி மருந்து? குற்றாலம் மெயின் அருவியில் முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் எந்த வலியும் பறந்துவிடும். எங்க அப்பா அப்படித்தான்.


புளியரைக்காரன்:

பை இடது தோள்தான். பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணாச்சி. டிக்கெட் குத்தி வைத்திருக்கும் அட்டையும் இடது கையில்தான், சில்லறை கொடுக்க வலது கை வேண்டுமே.

குத்துக்கல்வலசைத் தம்பி, சித்திரையில் மெயின் அருவியில் பாறைதான் இருக்கிறது. ஆனி, ஆடியில் சாரல் வரட்டும், பார்க்கலாம்.


தென்காசி பிசியோ:

அண்ணாச்சி, நான் தென்காசியில் பிசியோதெரபிஸ்ட். அருவி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இதமாக விழும் இடத்தில் குளித்தால் சதை தளரும், உண்மை. தலையிலும் கழுத்திலும் நடு முதுகிலும் கொட்டுகிற இடத்தில் நிற்க வேண்டாம்.

நடை ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து ஆறின 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024-இல் லான்செட் இதழில் போட்டார்கள். படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி மறுபடி வர நடுவாந்தரமாக 208 நாள் ஆனது, சும்மா இருந்தவர்களுக்கு 112 நாள். 'படிப்படியாக' என்பதுதான் முக்கியம். உங்களுக்கு ஸ்டூலிலிருந்து எழுந்த அன்றைக்கே முழு நாள் நடை. உடம்புக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

இறக்கத்தில் ஏன் கூடுகிறது என்றால், மேடு ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாயும், இறங்கும்போது விழாமல் இருக்கப் பின்னால் சாய்வோம். அப்போது கீழ் முதுகு உள்பக்கம் வளைந்து அந்த மூட்டுகளில் அழுத்தம் கூடும். இத்தனை வருஷம் உட்கார்ந்தே இருந்ததால் தொடை முன்பக்கத்துச் சதை சுருங்கி, பின்பக்கத்துச் சதை பலம் குறைந்திருக்கும். அதுவும் சேர்ந்து இழுக்கிறது. இறங்கும்போது எட்டைச் சிறிதாக வையுங்கள், முழங்காலை லேசாக மடக்கி வையுங்கள். அட்டையைக் கை நீட்டிப் பிடிக்காமல், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டி வயிற்றோடு ஒட்டி வையுங்கள். எடை கொஞ்சம்தான், ஆனால் நீட்டின கையில் மணிக்கணக்கில் இருக்கிறதே.

மூன்று பயிற்சி போதும், பத்து சொன்னால் நீங்கள் ஒன்றும் செய்யமாட்டீர்கள். காலையில் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் மேலே தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்துத் தடவை. புனலூரில் எந்தப் படிக்கட்டிலும் ஒரு குதிகாலை வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், தொடைக்குப் பின்னால் இழுக்கும், அரை நிமிஷம், அப்புறம் மறு கால். மூன்றாவது, ஒரு காலை முன்னால் வைத்து மற்றதைப் பின்னால் நீட்டி, பின்காலின் இடுப்பை மெதுவாக முன்னால் தள்ளுவது. இதைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், டிக்கெட்டும் வாங்குவார்கள்.

பெல்ட் வேண்டுமானால் வலி கடுமையான நாளில் ஓரிரு மணி நேரம். தினமும் போட்டால் அது பார்க்கிற வேலையை உங்கள் சதை மறந்துவிடும். படுக்கை ஓய்வு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அதற்கு மேல் படுத்தால் விறைப்புத்தான் கூடும். தைலம் எதுவானாலும் சரி, முறிவெண்ணெய் என்றாலும் தன்வந்தரம் குழம்பு என்றாலும், ராத்திரி தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தேய்க்கிற கைதான் பாதி மருந்து.

சில விஷயம் கேட்க வேண்டும். கால் மரத்துப் போகிறதா? உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைகிறதா? சிறுநீர் அடக்க முடியாமல் போவது, அல்லது போகவே முடியாமல் இருப்பது? ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி எழுப்புகிறதா? காய்ச்சல், எடை குறைவு? நின்றால் போதுமா, உட்கார்ந்தால்தான் வலி விடுகிறதா? சர்க்கரை, பிரஷர் உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், சிறுநீர் என்ன நிறம்?


வாளையார் மேஸ்திரி:

இடையில் வருகிறேன். நான் பாலக்காட்டுப் பக்கம் கட்டட வேலை. கேரளாவில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை உத்தரவு போடும், நேர் வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு மத்தியானம் 12 முதல் 3 வரை ஓய்வு, அந்த நேரத்துக்கு ஏற்ப காலை மாலை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் தளத்தில் ஒழுங்காக நடக்கிறது. அந்த மூன்று மணி நேரம் நிழலில் இருந்துவிட்டு எழுந்தால் இடுப்பு வேறு இடுப்பாக இருக்கும். அண்ணாச்சியும் அந்த நேரம் நடக்கக் கூடாது.


புளியரைக்காரன்:

மேஸ்திரி, உத்தரவு உங்களுக்கு, குலுக்கல் எனக்கு. மத்தியானக் குலுக்கலுக்கு முந்தின இரண்டு மணி நேரம்தான் விற்பனையே. காலையில் "அப்புறம் பார்க்கலாம்" என்று போகிறவன் எல்லாம் அப்போதுதான் தேடி வருவான்.

பிசியோ அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில். மரத்துப் போகவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். சிறுநீர் அடங்குகிறது, ஆனால் மத்தியானம் போனால் கடுகெண்ணெய் நிறம். தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கிறேன். உண்மையைச் சொன்னால், குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும், அட்டையையும் பையையும் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? நின்றால் போதாது, உட்கார்ந்தால்தான் விடுகிறது. சர்க்கரை இல்லை. பிரஷருக்கு மாத்திரை உண்டு, மகள் மாத்திரை அட்டையைப் பார்த்துப் படித்துச் சொன்னாள்: டெல்மிசார்டன், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு. மெடிக்கலில் வாங்கியது டைக்ளோஃபெனாக்.


தென்காசி பிசியோ:

அண்ணாச்சி, இடுப்பைவிட இதுதான் இப்போது அவசரம். உங்கள் பிரஷர் மாத்திரையில் இருக்கும் இரண்டாவது மருந்து சிறுநீரைக் கூடப் பிரித்து வெளியே தள்ளும். முதல் மருந்து சிறுநீரகத்துக்குள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். இந்த மூன்றும் சேர்ந்து, அதற்கு மேல் 38 டிகிரியில் தண்ணீரும் குடிக்காமல் நடந்தால் சிறுநீரகம் திடீரென்று கெட்டுப்போகலாம். மெடிக்கல் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

உட்கார்ந்தால்தான் விடுகிறது, இறக்கத்தில் கூடுகிறது என்பது தண்டுவடப் பாதை குறுகலாகவும் இருக்கலாம், உங்கள் வயதில் வரக்கூடியது. அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று மடக்கு. சிறுநீர் வெளிர் மஞ்சளுக்கு வர வேண்டும். சாதாரணமாக நான் எல்லோருக்கும் சொல்வது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் அதை டாக்டர் சொல்லாமல் தினசரி வழக்கமாக்க வேண்டாம். உப்புக் குறைத்த சம்பாரம், அதாவது நீர்மோர், போதும்.

இன்னொன்று. விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகச் சுருட்டிப் பிடித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, சிறுநீர் எரிச்சலோ ரத்தமோ வந்தால் அது நடை வலி இல்லை, சிறுநீரகக் கல். கோடையில் தண்ணீர் குடிக்காதவர்களுக்கு வருவது. அன்றைக்கு டிக்கெட்டைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.


களியக்காவிளை தபால்காரன்:

மத்தியானக் கூட்டத்துக்கு நீ தேடி நடக்காதே தம்பி, அவர்கள் உன்னைத் தேடி வரட்டும். ஏதாவது பஸ் நிழற்குடையில் தினமும் ஒரே இடத்தில் நில். ஒரு வாரம் போனால் ஆளுக்குத் தெரிந்துவிடும். நிற்கும்போது காலடியில் ஒரு செங்கல் போட்டு, மாற்றி மாற்றி ஒரு காலை அதன்மேல் வை. கவுண்டரில் நாள் பூரா நிற்கிறவர்கள் செய்கிற வேலை அது.


புளியரைக்காரன்:

எல்லோருக்கும் தகவல் சொல்ல வந்தேன். டாக்டர் இரண்டு அட்டையையும் பார்த்துவிட்டு நன்றாக ஏசினார். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல், மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். வலி தாங்க முடியாத நாளுக்குப் பாரசிட்டமால் மட்டும். பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாமாம்.

செங்கோட்டையில் தையல்காரரிடம் சொல்லி, முன்னும் பின்னும் இரண்டு அறை வைத்துத் தோளில் போடுகிற மாதிரி ஒரு பை தைத்துவிட்டேன். முன்னறையில் டிக்கெட், பின்னறையில் தண்ணீர். அட்டை கழுத்தில். நிழற்குடையில் செங்கல் வைத்தால் யாராவது எடுத்துப்போய்விடுகிறார்கள், அதனால் பக்கத்துப் பழக்கடைக்காரர் காலிப் பெட்டி ஒன்று கொடுத்திருக்கிறார். அவர் கடைக்குப் பின்னால் ஒதுங்கவும் இடம் இருக்கிறது, பையை அவரிடம் விட்டுவிட்டுப் போகலாம். பதிலுக்கு விஷு பம்பர் லாட்டரி டிக்கெட் ஒன்று கேட்கிறார், கடனாக.

இறக்கத்தில் வலி இன்னும் இருக்கிறது, பிடுங்கல் இல்லை. அம்மா, அந்த இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் தொடைக்குப் பின்னால் சுளுக்கு மாதிரி பிடிக்கிறதே, அது சரியா?


தென்காசி பிசியோ:

குதிகாலை உட்காரும் இடத்துக்கு இன்னும் பக்கத்தில் இழுத்து வையுங்கள், பிடிக்காது. தூக்கும்போது பின்பக்கத்துச் சதையை இறுக்கிக்கொண்டு தூக்குங்கள். அப்படியும் பிடித்தால் ஐந்து தடவையோடு நிறுத்திக்கொண்டு, மறுபடி ரத்தம் பார்க்கப் போகும் அன்றைக்கு அப்படியே என்னிடமும் வாருங்கள், செய்து காட்டுகிறேன்.