மறுமொழி: சூப்பர் குளூவுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

> 'உடனொட்டி' போதும். சுருக்கமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது.

ஐயா, கடைப்பேச்சுக்கு உடனொட்டி பொருத்தம்தான். ஆனால் நாம் தேடுவது ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் செருப்பு, ஷூ வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்புக் குறிப்பில் ஏற வேண்டிய சொல். அவர்களுக்குப் பழக்கமானது 'சொல்யூஷன்' என்கிற கரைப்பான் கலந்த பசை. தடவி, கரைப்பான் ஆவியாகும்வரை ஆறவிட்டு, பிறகு அழுத்துவார்கள். சூப்பர் குளூ அப்படிக் காய்ந்து ஒட்டுவதில்லை, ஈரம் பட்டு இறுகுகிறது. அதிலுள்ள சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருளின் மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணையக் காற்றிலும் பரப்பிலும் உள்ள சிறு ஈரமே போதும். விரலும் உதடும் இமையும் நொடியில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். இதைச் சொல்லே சொல்லட்டும்: 'ஈரவிறுகு உடனொட்டி'.

சிலிக்கோன் பூச்சும் ஈரத்தால்தானே இறுகுகிறது என்று கேட்பீர்கள். அது உடனே ஒட்டாது, மெல்ல இறுகும். அந்த வேறுபாடு தெரியவே உடனொட்டியை விடாமல் வைத்திருக்கிறேன்.

முன்பு ஒருவர் பரிந்துரைத்த 'சயனைடுப் பசை' கூடவே கூடாது. பெயரில் சயனோ இருப்பதால் டியூபில் சயனைடு இருப்பதாக ஆகாது. இல்லாத நஞ்சுக்குப் பயந்தவர் இருக்கும் ஆபத்தைக் கவனிக்கமாட்டார். இதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். சிலருக்கு ஆஸ்துமாவையும் தூண்டும். காற்றோட்டமில்லாத அறையில் குனிந்து வேலை செய்வது தவறு. அதைவிடப் பலர் அறியாதது பஞ்சால் வரும் ஆபத்து. வழிந்ததைப் பனியன் வேஸ்ட்டால் (கழிவுப் பருத்தித் துணியால்) துடைத்தால், பருத்தியில் ஊறி வேகமாக இறுகும்போது கைத்தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும், புகையும். கம்பளியும் அப்படியே. பருத்திக் கையுறை வேண்டாம், நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போடலாம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். ஒட்டிக்கொண்ட உடல் தோலை விடுவிப்பதற்கு 'பிரித்தெடுத்தல்' என்று எழுதினால் இழுத்துப் பிய்ப்பார்கள், தோல் கிழியும். 'நெகிழ்த்தி விடுவித்தல்' என்போம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டி விடுவிப்பதுதான் முறை. விரலுக்கு அசிட்டோன் (நகப்பூச்சை நீக்கும் கரைப்பான்) சிறிது உதவும், கண்ணருகே அது போகவே கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இமை ஒட்டியிருந்தால் வலிந்து திறக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈரம் + இறுகு, மகரம் கெட்டு உடம்படுமெய் பெற்று 'ஈரவிறுகு' என்று எழுதியிருக்கிறேன். குறிப்பில் 'ஈர இறுகு' என்று பிரித்து எழுதினால் படிக்க எளிதாகுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆம்பூரிலிருந்து