புதிர்ப் பெட்டி ஒளித்துவைத்து நீங்கள் மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

உச்சிப்புளிக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். ஜிபிஎஸ் வைத்து, ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அதில் ஒரு வகையான புதிர் கேச்சில் வரைபடம் காட்டும் புள்ளியில் ஒன்றுமே இருக்காது. புதிரை விடுவித்து வரும் இடத்தில்தான் பெட்டி. இரண்டுக்கும் நடுவே 3 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த எல்லைக்குள் எப்படி வேண்டுமானாலும் சுற்றவிடலாம்.

நான் வைத்தது அரியமான் சவுக்குத் தோப்புக்குள். பொய்ப் புள்ளி கடற்கரை மணலில். புதிர் இரண்டே வரி: “வள்ளம் இங்கே நிற்கிறது. வாடை 140 பாகம் தள்ளியது, கோடை 60 பாகம் தள்ளியது.”

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, ஆறடி. ஆயத்தொலையில், அதாவது இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில், ஒரு நிமிடத்தை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு 1.85 மீட்டர், ஏறக்குறைய அதே ஒரு பாகம். ஆக கடைசி மூன்று இலக்கத்தில் 140 கூட்டவோ கழிக்கவோ வேண்டியதுதான். இது கண்ணில் பட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கூட்டவா, கழிக்கவா? அதுதான் புதிர். வாடை வடக்கிலிருந்து வரும் காற்று, வள்ளத்தைத் தெற்கே தள்ளும். கோடை மேற்கிலிருந்து வரும் காற்று, கிழக்கே தள்ளும். வாடை என்றால் வடக்கு என்று கணக்குப் போட்டால் புள்ளி பாக் விரிகுடாவில் 260 மீட்டர் உள்ளே விழும். கடலில் விழுந்தால் தப்பு என்று யாருக்கும் புரியுமே, தனியாக விடை சரிபார்க்கும் வசதி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

முதலில் வந்தவர் மதுரைக்காரர். கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டார். அங்கே ஆழம் கம்மி, அலையும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்து, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டாராம்: “தம்பி, என்னத்த தேடுறிய?”

இவர் திரும்பி வந்து புதிரைப் படித்துக் காட்டியிருக்கிறார். பெரியவர் சிரித்துவிட்டு, “வாடை அடிச்சா வள்ளம் வடக்கயா போகும்? தெக்கல்ல தள்ளும்” என்று தோப்பைக் கைகாட்டியிருக்கிறார். ஜிபிஎஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக் புத்தகத்தில் முதல் பெயராக அவர் பெயரைத்தான் மதுரைக்காரர் எழுதிவைத்தார். நியாயம்தான்.

பிறகு ஒருநாள் நானே போய் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். அவருக்கு ஒரு குறை. “கோடைன்னு எழுதியிருக்கிய. கோடைன்னா வெயிலு. மேக்க இருந்து வாறது கச்சான்.” அன்றைக்கே திருத்திவிட்டேன். நான் புத்தகத்தில் படித்த சொல்லை வைத்துக் கடல் புதிர் போட்டிருக்கிறேன்!

மண்டபம்:

என் கதை இதைவிடக் கேவலம். பாம்பன் பழைய ரயில் பாலத்தை வைத்து எண் புதிர். திறந்த வருஷம் 1914, தனுஷ்கோடியைப் புயல் அழித்த வருஷம் 1964 என்று எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசி மூன்று இலக்கத்துக்கு “பாலத்தின் எண்ணிக்கை” என்று மொட்டையாக எழுதித் தொலைத்தேன். தூண்களின் எண்ணிக்கையை எடுத்தவர் ஒரு பக்கம், தூண்களுக்கு நடுவே உள்ள கண்களின் எண்ணிக்கையை எடுத்தவர் ஒரு பக்கம். வித்தியாசம் வெறும் சில மீட்டர்தான், ஆனால் நடுவே சீமைக்கருவேலம் புதர். இரண்டு பேர் முள் குத்தி ரத்தத்தோடு படம் அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து தேடியே விடை கண்டுபிடிக்கிற புதிரை அதற்குப்பின் நான் போடுவதில்லை.

கீழக்கரை:

புதிர் எப்படியோ போகட்டும், பெட்டியைப் பாருங்கள். 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் வைத்த, இந்த விளையாட்டின் முதல் பெட்டியே பாதி புதைத்த கறுப்பு வாளிதான். அது அந்த ஊர்க் காடு. நம் கடலோரத்தில் கறுப்பு டேப் சுற்றிய டப்பாவைப் பார்த்தால் யாருக்கும் நல்ல எண்ணம் வராது. என் டப்பாவைக் கண்டவர்கள் போலீஸுக்குச் சொல்லி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்து விசாரித்தார்கள். “விளையாட்டு சார்” என்றால் நம்புகிற முகமா எனக்கு?

இப்போது உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஊறுகாய் டப்பா. மேலே தமிழில் கொட்டை எழுத்தில், “இது விளையாட்டுப் பெட்டி, திறந்து பாருங்கள்.” போன மாதம் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே ரெண்டு புளிப்பு மிட்டாய் போட்டுவைத்திருந்தார்.