அப்பாவுக்கு ஈறில் ரத்தம், சர்க்கரையும் இறங்கவில்லை: இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

கோரையாறு:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை வந்து 11 வருடம். மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்த பிறகு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டும் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதனால் வேளை தவறுவதில்லை. காபிக்குச் சீனி கிடையாது. வயலுக்கு நடந்துதான் போய் வருகிறார். இருந்தும் ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி போன தடவை 8.6, இந்தத் தடவை 8.9.

இதற்கு நடுவில் துண்டு விவகாரம். அப்பாவின் வெள்ளைத் துண்டில் சிவப்புப் புள்ளிகள் இருப்பதை அம்மாதான் முதலில் பார்த்தார். "வெத்தலச் சாறு" என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா விடவில்லை. "வெத்தலக் கறை சோப்பு போட்டாலும் போகாது. இது பச்சைத் தண்ணியில அலசினாலே போகுதே" என்றார். அப்புறம் ஒருநாள் கொய்யா கடித்த இடத்தில் ரத்தம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு தடித்துப் பல் மேல் ஏறியிருக்கிறது, கீழ் முன்பல் இரண்டு ஆடுகிறது. முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்பதை ருசிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆறு மாதம் முன்பு ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். ரத்தம் நின்றது, அடுத்த மாதமே திரும்பி வந்தது. இப்போது வேறொரு பல் டாக்டர், "முதலில் ஈறைப் பாருங்கள், சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும்" என்கிறார். நாலு தடவை வர வேண்டுமாம். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுறான், சம்பா நடவு முடியட்டும் பாக்கலாம்" என்கிறார் அப்பா. சுத்தம் செய்தால் இருக்கிற பல்லும் ஆடிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா வேறு. உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா, இல்லை பில் ஏற்றுகிற வேலையா?

பல்லும் சொல்லும்:

தஞ்சாவூர் பக்கம் பல் மருத்துவராக இருக்கிறேன். முடிச்சு இருக்கிறது தம்பி. இரண்டு பக்கமும் இழுக்கிற முடிச்சு.

பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கிருமிப் படலம் அங்கே தங்கி, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகினால், பள்ளம் 5, 6, 7 என்று இறங்கிக்கொண்டே போகும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். நண்டு வளை போட்ட வரப்பு மாதிரி. மேலே நடந்து போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் கட்டும்போதுதான் தெரியும். இதைத்தான் நம் ஊரில் பயோரியா என்கிறோம்.

அந்தப் பள்ளத்தின் உட்சுவர் முழுக்கப் புண். ஒரு பல்லில் மட்டுமில்லை, பல பற்களைச் சுற்றி, வருடக் கணக்கில். அங்கிருந்து கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அவை இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, ஈறு இன்னும் கெடும். காரை உள்ளே இருக்கும் வரை வெறும் ஆன்டிபயாட்டிக் போதாது. ரத்தம் திரும்பி வந்தது அதனால்தான்.

எவ்வளவு இறங்கும்? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2022ஆம் வருடத் தொகுப்பின்படி, ஈறு சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நாலு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 குறைந்தது. 8.9 என்பது 8.5 ஆகலாம். மாத்திரையை நிறுத்துகிற அளவு இல்லை. ஆனால் ஆடுகிற பல்லையும் காப்பாற்றிக்கொண்டு கிடைக்கிற 0.4 அது.

மாரடைப்பைச் சொல்லியும் சிலர் பயமுறுத்துவார்கள். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவது நிஜம். ஈறைச் சரிசெய்தால் இதய நோய் வராது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இலேயே சொல்லிவிட்டது.

பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் போட்டால் அதையும் முன்கூட்டியே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்கிற அன்று பட்டினியாக அழைத்துப் போக வேண்டாம். வழக்கம்போலச் சாப்பாடு, வழக்கம்போல மாத்திரை.

வலங்கைமான் மருமகள்:

எங்கள் அத்தைக்கும் இதே கதைதான். அவர்களுக்கு நாலு சிட்டிங் ஆனது, மரப்பு ஊசி போட்டு ஈறுக்கு உள்ளே இறங்கிச் சுரண்டினார்கள். முதல் வாரம் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "பல்லுக்கு நடுவுல காத்து போவுது, இதுக்குத்தான் காசு கொடுத்தியா" என்று. வீக்கம் வடிந்து, அடைத்திருந்த காரையும் போனால் சந்து தெரியத்தானே செய்யும்? தண்ணீர் குடித்தால் கூச்சம் வேறு. ஒரு மாதத்தில் சரியானது. உங்கள் மாமா சொல்வதும் இந்தச் சந்தை வைத்துத்தான் இருக்கும்.

சர்க்கரை 8.2இலிருந்து 7.6க்கு வந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, அதே சமயத்தில் சாயங்கால போண்டாவையும் நிறுத்தியிருந்தோம். எதனால் இறங்கியது என்று யார் பிரிப்பது?

களத்துமேடு:

எங்கள் தாத்தா உமிக்கரி தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. 88 வயதில் கரும்பு கடித்தார். எங்கள் சித்தப்பா நாளுக்கு ஒரு கட்டு பீடி, அவருக்கும் ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. இந்த பிரஷ், பேஸ்ட் வந்த பிறகுதான் எல்லாம்.

பல்லும் சொல்லும்:

தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. சித்தப்பாவைத்தான் உடனே அழைத்துப் போங்கள். புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், உள்ளே எலும்பு கரைந்தாலும் ரத்தம் வராது. உமிக்கரி சொரசொரப்பானது. வருடக் கணக்கில் அழுத்தித் தேய்த்துப் பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோரையாறு, அப்பாவின் வெற்றிலைச் சீவலையும் கவனியுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சொல்லியிருக்கிறது. பாக்கினால் வாய் இறுகித் திறப்பது குறைந்திருக்கிறதா என்று பார்க்க, அவருடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாயில் விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் நடவு வரை காத்திருக்க வேண்டாம். செலவுதான் யோசனை என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கோரையாறு:

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடவு முடிந்துதான் போனோம், அவர் ஜெயித்துவிட்டார். மூன்று விரல் போனது. பிரஷர் மாத்திரை அம்லோடிபின்தான், அடுத்த தடவை டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.

டாக்டர் சன்னமான கம்பியை ஈறில் விட்டு "ஆறு, நாலு, ஏழு" என்று சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் எழுதிக்கொண்டே வந்தார். வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏழுன்னா எவ்வளவு ஆழம்டா?" சுண்டு விரல் நகத்தைக் காட்டி, ஏறக்குறைய இவ்வளவு என்றேன். பஸ் வரும்வரை அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சிட்டிங் முடிந்தது. ஆடுகிற பற்களில் ஒன்று தேறாது, எடுக்க வேண்டும் என்கிறார்கள். துண்டில் ஐந்து நாளாகப் புள்ளி இல்லை. ரத்தப் பரிசோதனை தை மாதம். சீவல் டப்பா இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது, அந்தப் பேச்சை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.